ஒரு பாவு பிஸ்டன்

பட்டுக்கடையில் உட்கார்ந்து நூறு புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, கடைசியில் "மொதல்ல காட்டுனீங்களே, அத எடுங்க" என்கிற ஆட்களை எங்கள் காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பட்டறை அக்காவுக்கும் அதே வியாதிதான். என்ன, அவளுக்கு அது புடவையில் வரவில்லை, பிஸ்டனில் வந்தது. பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு, வால்வு, பேரிங் என்று இன்ஜினின் வயிற்றுக்குள் போகிற எதையும் அவள் சும்மா வாங்கிப் போட்டு நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடுவாள். இடது கையில் இருப்பதைக் கீழே வைத்து "வேணாம்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து வலது கையில் இருப்பதையும் வைத்துவிட்டு, "இதுவுந்தான்" என்பாள்.

பிள்ளையார்பாளையத்தில் அவளுக்கு 'வேணாம் அக்கா' என்றே பேர். தறிக்கார வீட்டுப் பெண். அப்பாவும் அண்ணனும் தறியில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, விடிந்தும் விடியாமல் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் ஓர் இன்ஜின் தொழிற்சாலைக்குப் போனாள். தரம் பார்க்கிற வேலை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். இவள் ஒதுக்கி வைத்த உருப்படிகள் மலையாகக் குவிந்து, வரிசை நின்று போகுமாம். "அளவுக்குள்ளதானம்மா இருக்குது, வுட்டுடேன்" என்று சூப்பர்வைசர் கெஞ்சினால், "அளவுக்குள்ள இருக்குது சார், ஆனா அரமனசா இருக்குது" என்பாளாம். தொல்லை தாங்காமல் அவளைக் கேன்டீன் கமிட்டியில் போட்டார்கள். அங்கே போய்ச் சாம்பாரைத் திருப்பி அனுப்பினாள். அப்புறம் ஒரு நாள் அவளே அந்த வேலையையும் "வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்து, தெருக்கோடியில் சொந்தமாகப் பட்டறை போட்டுவிட்டாள்.

பட்டறைக்கு இரண்டு கடை தள்ளி நான் இருந்தேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று சகலமும் பார்க்கிற கம்ப்யூட்டர் கடை. என் சொந்த ஊர் முசரவாக்கத்தில் எங்கள் தெருவிலேயே முதல் பி.ஏ. இங்கிலீஷ் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன். அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. வெளியூர்க் கம்பெனிகளுக்கு மெயில் போட என்னைத்தான் கூப்பிடுவாள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவள் பட்டறையில்தான் சாப்பாடு. இரண்டு பேர் டிபனையும் அவளே கலந்து, அவளே பிரித்துப் போடுவாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அதை ஒரு நாளும் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் என்னையும் இன்னொருத்தியோடு வைத்துப் பார்த்துவிடுவாளோ என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு முறை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். ஆரணிப் பையன், லட்சணமாக இருந்தான். அவன் போனதும் அவள் நைனா, "இன்னாம்மா, புடிச்சிருக்குதா?" என்று ஆசையோடு கேட்டார். அக்கா ரொம்ப நியாயமாகப் பதில் சொன்னாள்: "நல்ல பையன்தான் நைனா. ஆனா ஒண்ண மட்டும் காட்டி எடுத்துக்கன்னா எப்பிடி எடுக்கறது? பக்கத்துல வெச்சுப் பாக்க இன்னொண்ணு வேணுமில்ல?" நைனா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. நான் சிரித்ததில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

இப்படிப்பட்டவளிடம்தான் படகுக்காரி வந்து சேர்ந்தாள்.

பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் வீட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். சென்னையில் ஒரு படகு கிளப்புக்காகப் பந்தயத்தில் வேகப்படகு ஓட்டுகிறவள். மினி லாரியில் ஓர் இன்ஜினை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். எட்டு சிலிண்டர், ஆளுயரம் இல்லையே தவிர எருமை மாதிரி இருந்தது. அதன் இடுப்பில் ஒரு ஓட்டை.

"கனெக்டிங் ராடு பிச்சுக்கினு வெளிய வந்துடுச்சுக்கா" என்றாள், ஏதோ பூனை வெளியே வந்துவிட்டது போல. "நடுத் தண்ணியில. நீந்தித்தான் கரைக்கு வந்தேன். இந்த ஓட்ட பிளாக்குக்கு பதிலா கிளப்புல புது பிளாக்கு குடுத்துட்டாங்க. ஆனா இன்னொரு வாட்டி இன்ஜின் போச்சுன்னா, போட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த சீட்டு போனா அவ்ளோதான்க்கா. நான் வேற எதுக்கும் லாயக்கில்ல."

இதைச் சொல்லும்போதும் சிரித்தாள். ஆனால் கை மட்டும் முந்தானை இல்லாத டீ-சர்ட்டின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தது. அக்கா உடைந்த பிஸ்டன் துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாத்தது. அச்சுல ஊத்துனது. ஆட்டோவுக்குப் போதும், உனக்கு ஆவாது. அடிச்சு எடுத்த பிஸ்டன் வேணும்."

"லேசா வேணும்க்கா. லேசா இருந்தாத்தான் சர்ருன்னு ஏறும்."

"எதுக்குப் பொறுக்கணும், சொல்லு. மொதல் ரவுண்டுக்கா, கடைசி ரவுண்டுக்கா?"

 அக்கா என் பக்கம் திரும்பினாள், நான்தான் என்னமோ கேட்ட மாதிரி. "லாரிக்கு எறக்கம்னு ஒண்ணு இருக்குது. ஓடற ஓட்டத்துல மூச்சு வாங்கிக்கும். போட்டுக்கு எறக்கமே கெடயாது. எப்பவும் ஏத்தம்தான். இதுல துள்ளிக் குதிக்கும்போது ப்ரொப்பல்லர் காத்துல சுத்தும், இன்ஜின் பேய் மாதிரி கத்தும், மறுபடி தண்ணியில வுழுந்ததும் தொம்முனு இடி. அந்த இடி எல்லாம் ராடு தலைல. வெளிய பச்சத் தண்ணி ஓடி பிளாக்கு சிலுசிலுன்னு இருக்கும், உள்ள பிஸ்டன் வெந்துக்கினு இருக்கும். வெந்தா உப்பும். உப்பறதுக்கு எடம் வுடணும். ரொம்ப வுட்டா ஆடும். லேசாம் லேசு!"

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. இரண்டு மாதம் எங்கள் கடையில் யாருக்கும் சாதிச் சான்றிதழ் ஒழுங்காகப் போயிருக்காது என்று நினைக்கிறேன். நான் முழு நேரமும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லுவாள், நான் மொழிபெயர்ப்பேன். "அந்த ராடு கையில எடுத்தா கனம் தெரியணும், ஆனா திமிரு தெரியக் கூடாதுன்னு எழுது" என்பாள். திமிருக்கு இங்கிலீஷில் என்ன எழுத? வந்த ராடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, டீக்கரண்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். ஒரே சுதியில் பாடாத ராடு வெளியே. வால்வு ஸ்ப்ரிங் பதினாறு வந்தது. அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பதினாறுல ரெண்டு சோம்பேறின்னு அவன்கிட்ட சொல்லு" என்றாள். நானும் தைரியமாக 'சோம்பேறி' என்றே எழுதிப் போட்டேன். நாலு நாளில் பதில் வந்தது: அந்த இரண்டும் வேறு நாளில் செய்தவை, கவனக்குறைவு, மன்னிக்கவும், அந்த அம்மையார் எந்தக் கருவியில் சோதித்தார்? நான் படித்துச் சொன்னதும் அக்கா தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். படகுக்காரி அதைப் போட்டோ எடுத்து அந்தக் கம்பெனிக்கே அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.

கடைசியாகப் பிஸ்டன். கம்பெனியை முடிவு செய்தாகிவிட்டது, அளவு எல்லாம் சொல்லியாகிவிட்டது. அக்கா சிலிண்டரைக் கடைந்துகொண்டே கத்தினாள்: "ஒரு பாவு சொல்லிடு!"

தறிக்காரர் வீட்டில் எதற்கும் தறி வார்த்தைதான். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல், அது எனக்குத் தெரியும். ஒரு பாவு பிஸ்டன் என்றால் ஒரு செட், எட்டு என்று நானே முடிவு செய்துகொண்டு, அழகான இங்கிலீஷில் எட்டு பிஸ்டனுக்கு ஆர்டர் போட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அன்றைக்குப் பெருமாள் புறப்பாடு, வண்டிகளை எல்லாம் ரங்கசாமி குளத்துப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். படகுக்காரி ஒரு டி.வி.எஸ். எக்செல்லைக் கடன் வாங்கி, மடியில் பெட்டியோடு என்னைப் பின்னால் உட்காரவைத்து, சந்து சந்தாகப் புகுந்து வந்தாள். தண்ணீரில் ஓட்டுகிறவளுக்குத் தெருவில் பிரேக் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. பட்டறை வாசலில் குதித்து இறங்கி மூன்று பேரும் கூத்தாடினோம். அக்கா பெட்டியைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு என்று எடுத்து வரிசையாகத் துணியில் வைத்தாள். எட்டோடு பெட்டி காலி.

"இன்னாடி இது? ஒரு பொடவதான் வந்திருக்குது!" என்றாள் அக்கா. "ஒரு பாவுன்னா மூணு பொடவ இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறியில் ஒரு தடவை பாவு பூட்டினால் மூன்று புடவை நெய்து இறக்குவார்கள். பிள்ளையார்பாளையத்தில் பால்குடிக் குழந்தைக்கும் அது தெரியும். முசரவாக்கத்து பி.ஏ.வுக்குத் தெரியவில்லை. அக்கா கேட்டது மூன்று செட், இருபத்துநாலு. அதில் ஒன்றுக்கொன்று எடை ஒத்துப்போகிற எட்டைப் பொறுக்கி எடுத்து, மிச்சத்தை அடுத்தடுத்த இன்ஜினுக்கு வைத்துக்கொள்வது அவள் திட்டம். பந்தயத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. மறுபடி வரவழைக்க வழியே கிடையாது.

"கம்பெனிக்காரன் தப்பா அனுப்பிட்டான் போலக்கா" என்றேன். என் வாய்தான் சொன்னது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அக்கா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். நிமிர்ந்து, "அப்பிடியா?" என்றாள். அவ்வளவுதான், வெள்ளைக்காரனுக்கு அர்ச்சனை ஆரம்பித்தது. "எண்ணத் தெரியாதா அவனுக்கு? கையில வெரல் இல்ல? படிச்ச மூதேவி! இவனுக்கெல்லாம் டிகிரி யாரு குடுத்தா?" ஒரு வாரம் ஓயவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, ஆமாக்கா" என்று ஒத்து ஊதினேன்.

எட்டையும் நிறுத்துப் பார்த்தாள். அவள் பட்டறையில் இருந்தது நைனாவின் ஜரிகை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு. அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு அவர், "ஜரிகையில டீசல் நாத்தம் அடிக்குதுன்னு மொதலாளி கேக்கறாரும்மா" என்று அழுதுகொண்டிருந்தார். எட்டில் ஐந்து கிட்டத்தட்ட ஒன்று போல. இரண்டு கொஞ்சம் தடி. ஒன்று மட்டும் எல்லாவற்றையும் விட இளைத்தது. எடை மாறினால் அந்த வேகத்தில் இன்ஜின் உதறும், உதறினால் பேரிங் போகும், பேரிங் போனால் மறுபடி இடுப்பில் ஓட்டை. படகுக்காரியின் சிரிப்பு அன்றைக்குத்தான் முதல் முறை நின்றது.

"ராவிடலாம்" என்றாள் அக்கா.

நான் ஆடிப்போனேன். அரம் எடுத்து ராவி எடையைச் சரி செய்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பொறுக்கத் தெரியாதவன்தான் ராவுவான் என்று சொல்கிறவள் அவள். அவளே பிஸ்டனைத் திருப்பி, உள்ளே அடியில் அதற்கென்றே விட்டு வைத்திருக்கும் சதையைக் காட்டினாள். "இங்க மட்டும். எல்லாம் அந்த எளச்சவ எடைக்கு வரணும். வேற எங்கியாவது கை வெச்சீங்க, கைய ஒடச்சிடுவன்."

மூன்று பேரும் உட்கார்ந்து ராவினோம். ஒரு இழுப்பு, தராசு. ஒரு இழுப்பு, தராசு. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வருகிற நேரத்தில் நான் ஒரு பிஸ்டனில் ஓர் இழுப்பு கூட இழுத்துவிட்டேன். அது இளைத்தவளை விட இளைத்துவிட்டது. இப்போது மற்ற ஏழையும் மறுபடி குறைக்க வேண்டும். குரங்கு அப்பம் பங்கு வைத்த கதை! படகுக்காரி தரையில் படுத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். இப்படியே போனால் பந்தயத்தன்று பொத்தான் அளவுக்குப் பிஸ்டன் மிஞ்சும் என்றாள். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்த வெள்ளக்காரன்..." என்று மறுபடி அங்கே போய்விட்டாள். எனக்கு அழுகை முட்டியது.

ஐந்தாம் நாள் எட்டும் தராசில் ஒரே எண்ணைக் காட்டின. இன்ஜின் பூட்டி, படகில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை தென்னேரிக்குப் போனோம். தை மாதம், ஏரி தளும்பி நின்றது. "பத்து நிமிஷம் முழு வேகத்துல போ" என்று அக்கா கட்டளை போட்டாள். "தட்டற சத்தம் வந்துச்சுன்னா பந்தயம் கெடயாது, போட்டு கிளப்புக்குத் திரும்பிரும். நானே சொல்லிடுவன். உன்ன மறுபடி நீந்த வுட மாட்டன்." படகுக்காரி தலையாட்டினாள். டிரெய்லர் சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்க வேண்டியிருந்தது. வாலாஜாபாத் சந்தையில் நாலு பழம் பொறுக்க அக்காவுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

ஏரி மீன் குத்தகைக்காரர், மீனெல்லாம் கலைந்துவிடும் என்று முதலில் குதித்தார். படகைப் பார்த்ததும் "நானும் ஒரு ரவுண்டு வரட்டுமாம்மா?" என்று குழைந்தார். படகு சீறிக் கிளம்பியது. அடேயப்பா! கரையில் இருந்த கொக்கெல்லாம் ஒரே வீச்சில் எழும்பியது, குத்தகைக்காரரின் துண்டு அதோடு சேர்ந்து பறந்தது. ஊரே கரையில் நின்று விசில் அடித்தது. அக்கா மட்டும் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணால பாத்தா அழகுல ஏமாந்துடுவன்" என்றாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, உடும்புப் பிடி. நான் மாதா கோயிலுக்குப் போகாமல் வந்த பாவத்தையும் சேர்த்து வைத்து, "ஆண்டவரே, எட்டையும் காப்பாத்தும்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது நிமிஷம் சத்தம் திடீரென்று அடங்கியது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "இன்னாடி ஆச்சு?"

"எருமக்கா!" என்றேன்.

"யார எருமன்ற?"

"ஐயோ, நெஜ எருமக்கா! தண்ணியில குறுக்க வருது, அதான் நிறுத்திட்டா!"

எருமை தன் பாட்டுக்கு நிதானமாகக் கடந்து போயிற்று. அக்கா கடிகாரத்தை முதலிலிருந்து வைத்தாள். மறுபடி பத்து நிமிஷம். படகு துள்ளுகிறது, விழுகிறது, தொம், மறுபடி துள்ளுகிறது. ஒன்பதாவது நிமிஷத்தில் அக்காவின் உதடு அசைந்தது. "எட்டும் பேசுது" என்றாள். "எட்டும் ஒண்ணாப் பேசுதுடி."

படகு கரைக்கு வந்ததும் முட்டி வரை தண்ணீரில் ஓடி, எண்ணெய்க் குச்சியை உருவினாள். எண்ணெயை விரலில் தேய்த்து வெயிலில் பிடித்தாள். உள்ளே உலோகம் தேய்ந்திருந்தால் அதில் மினுமினுப்புத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அந்த விரலை எட்டிப் பார்த்தோம்.

"ஜரிகை இல்ல!" என்று கத்தினாள் அக்கா. "ஒரு துளி ஜரிகை இல்ல!" படகுக்காரி அவளைத் தூக்கிச் சுற்றியதில் இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். அடுத்த ஞாயிறு பந்தயத்தில் படகுக்காரி இரண்டாவதாக வந்தாள், சீட்டு அவளிடமே இருந்தது, அதற்கப்புறம் கடலோரப் பட்டறை ஒன்று அக்காவைக் கொச்சிப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டது. அதெல்லாம் பின்னால். சொன்ன பொய்யை எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்தத் தென்னேரி ஞாயிற்றுக்கிழமைதான். திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். ஈரத் துணியோடு அக்கா டீயை ஊதிக்கொண்டிருந்தாள். படகுக்காரி அந்தப் பக்கம் போனில் யாரிடமோ எருமைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன். "கம்பெனிக்காரன் மேல தப்பில்ல. நான்தான் எட்டுன்னு ஆர்டர் போட்டன். பாவுன்னா மூணுன்னு எனக்குத் தெரியாதுக்கா. பயத்துல பொய் சொல்லிட்டன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்போ?"

"பெட்டிய தொறந்தப்பவே. உள்ள ஒரு சீட்டு இருந்துச்சு. கேட்டது எட்டு, அனுப்புனது எட்டு. எனக்கு இங்கிலீஷ்தான்டி வராது. எட்டுமா வராது?"

"அப்போ ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ அழுதுக்கினு உக்காந்துருவ. எனக்கு எட்டு பிஸ்டன் ராவ ஆளு வேணாமா?"

"அப்புறம் ஒரு வாரமா அந்த வெள்ளக்காரன அந்தத் திட்டு திட்டுனியே!"

அக்கா டீயை ஒரு மிடறு குடித்தாள். "அவன் எங்கியோ கெடக்கறான். அவன் காதுல வுழும்னா திட்டுனன்?"

அடிப்பாவி அக்கா! மூதேவி, விரல் இல்லாதவன், டிகிரி யாரு குடுத்தா, அத்தனையும் ஒன்றுவிடாமல் எனக்கு! "ஆமாக்கா, ஆமாக்கா" என்று நானே பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரித்ததில் டீ மூக்கில் ஏறி, சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு மத்தியானமும் "அந்த ஆளு சோறுதான் துன்றானா?" என்று அக்கா கத்தினாளே, அதைக் கத்தும்போதெல்லாம் அவள் என் தட்டில் இரண்டாவது கரண்டிக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.